சம்மந்திக்கு ஒரு எண் கீழே

எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஓதுவதற்கு அரபு எழுத்து தெரியும். எண்கள் நன்றாகத் தெரியும். ஆகவே அந்த மெஷினுக்கு முன்னால் முதல்நாள் நின்றபோது, திரையில் ஓடிய எழுத்துகளையெல்லாம் விட்டுவிட்டு எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டேன். பிறகு வந்த சிரமத்துக்கும் சிரிப்புக்கும் அந்த எண்தான் காரணம். ஆனாலும் மெஷினை நான் குறை சொல்ல மாட்டேன். இன்றும் பிஸ்மி சொல்லித்தான் அதில் ஏறுகிறேன்.

முழங்காலிலிருந்து தொடங்குகிறேன். மடியில் பீடி இலை பரப்பிய சொளவு முறத்தை வைத்துக்கொண்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்து, பீடி சுற்றியே பிள்ளைகளை ஆளாக்கியவள் நான். இதைச் சொல்ல எனக்கு ஒருநாளும் கூச்சம் இருந்ததில்லை. அத்தனை காலம் மடங்கியே இருந்த கால், அறுபதைத் தாண்டிய பிறகு இனி மடங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டது. நடக்கலாம், நிற்கலாம். தரையில் உட்கார்ந்தால் மட்டும் தூக்கிவிட இரண்டு பேர் வேண்டும். அடுப்பு மேடை உயரம், கட்டில் உயரம், அதனால் வீட்டில் ஒரு குறையும் இல்லை. தொழுகையில்தான் குறை வந்தது.

நெற்றியைத் தரையில் வைத்து வணங்குவதை நாங்கள் சஜ்தா என்போம். கால் முடியாதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடி தலையைக் கொஞ்சம் முன்னால் குனிந்தால் போதும், அது செல்லும் என்று எங்கள் தெருவில் பெண்களுக்குத் தொழ வைக்கும் ஆலிமா சொன்னார்கள். செல்லும்தான். அல்லாஹ் யாரையும் சக்திக்கு மேல் கஷ்டப்படுத்துகிறவன் இல்லை. ஆனால் என் நெற்றிக்கு அது போதவில்லை. வரிசையில் இருக்கிற எல்லோரும் கீழே போய்விடுவார்கள். நான் மட்டும் பஞ்சாயத்துப் பேச வந்தவள் மாதிரி உயரத்தில் உட்கார்ந்திருப்பேன். எல்லோருடைய முதுகும் எனக்குத் தெரியும். பார்க்கச் சகிக்காமல் கண்ணை மூடிக்கொள்வேன்.

அடுத்த ரமலான் நோன்பின் முதல் நாளுக்குள் ஒரு சஜ்தாவாவது தரையில் செய்துவிட வேண்டும் என்று நிய்யத் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி, நடக்காமல் போய்விட்டால் பார்க்கிறவர்கள் "பாவம்" என்பார்கள். என்னைப் பார்த்து யாரும் பாவம் என்று சொல்வது எனக்குப் பிடிக்காது.

பாளையங்கோட்டையில் காலைப் பார்த்த டாக்டரிடம் மட்டும் கேட்டேன். அவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, ஆபரேஷனுக்கு அவசரம் இல்லை, தொடைச் சதைக்குப் பலம் ஏறினால் முழங்கால் தானாகப் பிழைத்துக்கொள்ளும் என்றார். ரோட்டில் நடந்தால் ஒவ்வொரு எட்டுக்கும் மூட்டு அடி வாங்கும். பாதம் பலகையை விட்டு எழும்பாமல் நடக்கிற மெஷின் ஒன்று இருக்கிறது, எலிப்டிகல் என்று பெயர், அதில் பழகுங்கள் என்றார். அந்தப் பெயரை வீடு வந்து சேருவதற்குள் மறந்துவிட்டேன். எங்கள் ஊரில் அதற்கு மிதி மெஷின் என்று பெயர்.

மேலப்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில், ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கட்டில், பெண்களுக்கு மட்டும் என்று ஓர் உடற்பயிற்சிக் கூடம் இருக்கிறது. மண்டபத்தில் கல்யாணம் நடக்கிற நாளில் நெய்ச்சோறு வாசனை நேராக உள்ளே வரும். இளைக்க வந்தவர்களுக்கு அதைவிடச் சோதனை வேறு இல்லை. கூடத்தை நடத்துகிறவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பாளையங்கோட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். கழுத்தில் விசில் தொங்கும். வெள்ளிக்கிழமை எங்களுக்காக லீவு, ஞாயிற்றுக்கிழமை அவர் சர்ச்சுக்குப் போவதற்காக லீவு. எங்கள் ஊர் வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு வயதான எல்லோரையும் மாமி என்றே கூப்பிடுவார்.

சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டுத்தான் போவேன். முதல்நாள் டீச்சர் என்னைக் கைபிடித்து மெஷினில் ஏற்றினார்.

"காலு ரெண்டையும் இந்தப் பலகையில வையுங்க மாமி. கையால அந்தக் கம்பியைப் பிடிங்க. இப்பம் நடக்குத மாதிரி பைய தள்ளுங்க."

"தள்ளுதேன் டீச்சர். எங்க போய்ச் சேருவேன்?"

"எங்கயும் போவ மாட்டீங்க. இங்கனயேதான் நிப்பீங்க."

"அப்பம் துபாயில இருக்க எம்மவன் மாதிரின்னு சொல்லுங்க. அவனும் வருசக் கணக்கா ஓடுதான். நின்ன இடத்துலதான் நிக்கான்."

பக்கத்தில் மிதித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அன்றோடு எனக்கு அந்த இடம் பழகிவிட்டது.

அந்த மெஷினில் லெவல் என்று ஒன்று உண்டு. கூட்டல் குறியை அமுக்கினால் எண் கூடும், மிதி இறுகும். கழித்தல் குறியை அமுக்கினால் இளகும். எனக்கு அதை டீச்சர் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆற்றில் இறங்கி நடந்த காலுக்கு உடனே புரிந்தது. ஒன்றாம் எண், படித்துறையில் கணுக்கால் தண்ணீரில் நடக்கிற மாதிரி. மூன்று, முழங்கால் தண்ணீர். ஆறும் ஏழும், பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்துவிட்ட அன்று இடுப்பளவு ஆற்றில் எதிர்த்து நடக்கிற மாதிரி. அதற்கு மேலேயும் எண்கள் இருக்கின்றன. வெள்ளக் காலத்தில் ஆற்றில் இறங்குகிற புத்திகெட்டவர்களுக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

லெவல் தவிர புரோகிராம் என்றும் உண்டு. அது நாம் மிதிக்கிற நேரத்துக்குள் இறுக்கத்தைத் தானே கூட்டிக் குறைக்கும். ஒவ்வொன்றுக்கும் டீச்சர் ஒரு இங்கிலீஷ் பெயர் சொன்னார். வாயில் நிற்கவில்லை. திரையில் புள்ளி புள்ளியாகப் படம் வரும், அதைப் பார்த்து நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். ஒரே சமமாக வந்தால் நேர் ரோடு. நடுவில் உயர்ந்து இறங்கினால் மலை. ஏறி இறங்கி ஏறி இறங்கிப் பல் பல்லாக வந்தால் ரம்பம். பிள்ளை பெற்று உடம்பு வைத்துப்போன இளம்பெண்கள் ரம்பத்தைப் போட்டுக்கொண்டு மூச்சு வாங்குவார்கள். இதயப் படம் போட்ட ஒன்றும் இருக்கிறது. கைப்பிடியில் உள்ள தகட்டை இரண்டு கையாலும் பிடித்தால் அது நாடி பார்த்து, அதற்குத் தக்கபடி இறுக்கும், இளக்கும்.

அந்த இதயப் படத்தை ஒருநாள் போட்டுப் பார்த்தேன். ஒரு கையில் தஸ்பீஹ் மணி. அதை உருட்டிக்கொண்டே மிதிப்பது என் வழக்கம். மணியோடு சேர்த்துத் தகட்டைப் பிடித்தேன். மெஷின் கொஞ்ச நேரம் தேடிப் பார்த்துவிட்டு வெறும் கோட்டைக் காட்டியது.

டீச்சர் வந்து எட்டிப் பார்த்தார். "மாமி, மெஷின் கணக்குப்படி நீங்க உசுரோட இல்ல."

ரம்பத்தில் இருந்த ஒருத்தி திரும்பாமலே, "அப்பம் எல்லாரும் மையத்து வீட்டுக்குக் கெளம்பணுமா டீச்சர்?" என்றாள்.

"கெளம்பு ளா. நெய்ச்சோறு இல்ல, சொல்லிப்பிட்டேன்" என்றேன்.

எனக்கு டீச்சர் கொடுத்தது நேர் ரோடு, லெவல் மூன்று. அதற்கு மேல் தொடக்கூடாது. ஒரு மாதம் அப்படியே போனது. தொடையில் ஒரு திடம் வந்திருப்பது குளிக்கும்போது கைக்குத் தெரிந்தது. நாற்காலியிலிருந்து எழும்போது முன்பெல்லாம் கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பேன். இப்போது லேசாகத் தொட்டாலே போதும் என்று ஆனது. நோன்புக்கு இன்னும் நாள் இருந்தது. நடந்துவிடும் என்று நம்பிக்கை வந்த நேரத்தில்தான் என் சம்மந்தி வந்து சேர்ந்தார்கள்.

சம்மந்தி என்றால் என் மகளின் மாமியார். எங்கள் ஊரிலேயே, பெரிய தெருவில் வீடு. நாங்கள் பெண் கொடுத்தவர்கள், அவர்கள் பெண் எடுத்தவர்கள். இதற்கு ஒரு மரியாதை இருக்கிறது. அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தால் நான் ஸ்டூலில் உட்காருவேன். பந்தியில் நல்ல கறித்துண்டு முதலில் அவர்கள் உட்காரும் சகன் தட்டுக்குத்தான் போகும். அவர்கள் ஒரு பட்டுக் கட்டி வந்தால், அதைவிட ஒரு பிடி குறைச்சலாகத்தான் நான் கட்டுவேன். மிகவும் குறைச்சலாகவும் கட்டக்கூடாது, அது முகம் கோணியதாக ஆகிவிடும். ஒரு பிடி, அவ்வளவுதான். இதையெல்லாம் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. பெண்ணைக் கொடுத்த அன்றே கைக்கு வந்துவிடும்.

அவர்களுக்குச் சர்க்கரை கூடிவிட்டது என்று டாக்டர் அனுப்பியிருந்தார். ஜன்னல் பக்கம் காற்று வரும் மெஷின் என்னுடையது. நான் உடனே இறங்கி, "இங்கன வாங்க சம்மந்தி" என்று அதைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து மெஷினுக்கு மாறிக்கொண்டேன்.

அவர்கள் என் திரையை எட்டிப் பார்த்தார்கள். "நீங்க எத்தனைல இருக்கிய?"

"மூணு."

"டீச்சர், எனக்கும் மூணே வையுங்க."

டீச்சர் வைத்துவிட்டுப் போனார். இரண்டு பேருக்கும் ஒரே எண். என் விரல் கழித்தல் குறியைத் தானாகத் தேடிப் போனது. இரண்டுக்கு இறங்கிக்கொண்டேன்.

"ஏன் கொறைச்சிட்டிய?"

"இன்னைக்கி முட்டு லேசா பிடிக்கி சம்மந்தி."

அவர்கள் என் முழங்காலை ஒருதரம் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் அவர்கள் திரையில் நான்கு. நான் மூன்றுக்கு வந்தேன், மனசுக்கும் நிம்மதி. அதோடு நின்றிருக்கலாம். இரண்டு நாள் கழித்து ஐந்து. நான் மூன்றிலேயே இருந்தால் இரண்டு எண் வித்தியாசம் வந்துவிடுகிறது. அது நன்றாகவா இருக்கும்? நீங்கள் பெருமை காட்டுகிறீர்கள், நான் ஒதுங்கிக்கொள்கிறேன் என்று சொல்லாமல் சொல்லுகிற மாதிரி ஆகிவிடாதா? நான்குக்குப் போனேன். அவர்கள் அதைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார்கள். ஆறு. ஐந்து. ஏழு. ஆறு. டீச்சர் மற்றவர்களைக் கவனிக்கப் போனதும் கூட்டல் குறிக்கு ஒரு விரல் போகும், கொஞ்ச நேரத்தில் பக்கத்து மெஷினிலும் ஒரு விரல் போகும். அவர்கள் எட்டுக்குப் போன அன்று, ஏழாம் எண்ணில் நின்றுகொண்டு, அணைத் தண்ணீரில் எதிர்நீச்சல் போடுகிறவள் மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். சம்மந்தியின் முகமும் சிவந்திருந்தது.

"எப்பிடி இருக்கு சம்மந்தி?"

"சொகமா இருக்கு. உங்களுக்கு?"

"நல்லா இருக்கு."

அதற்கு மேல் பேச இரண்டு பேருக்கும் மூச்சு இல்லை.

மறுநாள் காலை முழங்கால் பனங்காய் மாதிரி வீங்கியிருந்தது. கட்டிலிலிருந்து காலைக் கீழே தொங்கவிட முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு போய் ஒளுச் செய்து, நாற்காலியில் தொழ உட்கார்ந்தேன். முன்பு குனிந்த அளவுகூடக் குனிய முடியவில்லை. நோன்புக்கு அப்போது மூன்று மாதம்தான் இருந்தது. வைத்த நிய்யத் என்ன ஆகும் என்று நினைத்தபோது அழுகை வந்தது. துபாய் மகனின் மனைவி அடுக்களையில் இருந்ததால் சத்தம் இல்லாமல் அழுதேன். கூடத்துக்கு, ஒரு விசேஷ வீட்டுக்குப் போகிறேன், வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து என் மகள் வந்தாள். கையில் தூக்குச்சட்டியில் ஆட்டுக்கால் சூப்பு. என் காலைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உண்மையச் சொல்லு உம்மா. எந்த நம்பர்ல மிதிச்சே?"

"ஏழு."

"டீச்சர் எத்தனைல மிதிக்கச் சொன்னாவ?"

"மூணு."

"பொறவு ஏன் ஏழு?"

"உன் மாமியா எட்டுல இருந்தாவ. நான் மூணுலயே கெடந்தா மூஞ்சிய தூக்கி வச்ச மாதிரி இருக்காதா? அதான் ஒண்ணு மட்டும் கொறைச்சு வச்சேன்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது.

"என்ன ளா சிரிப்பு? காலு வீங்கிக் கெடக்கேன்."

"அவிய ஏன் எட்டுக்குப் போனாவ தெரியுமா? உன்னாலதான்."

"நான் என்ன செஞ்சேன்?"

"அவிய வந்த அன்னைக்கே நீ மூணுலேருந்து ரெண்டுக்கு எறங்கிட்டியாம். 'உங்க உம்மா எனக்காவ எறங்குதா. அவளுக்கு முட்டு சொகமாவணும். நான் மேல போனாத்தான் அவ மேல போவா'ன்னு ஒவ்வொண்ணா ஏத்திருக்காவ. நீயும் ஏறுனியாம். 'பாத்தியா, என்னால உன் உம்மாக்கு பெலம் வந்திட்டு'ன்னு வீட்டுல ஒரே சந்தோசம். இப்பம் இடுப்பு பிடிச்சுக் கட்டில்ல கெடக்காவ. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிருக்காவ. இதே ஆட்டுக்கால்ல பாதி சூப்பு அங்க, பாதி இங்க."

பெண்ணைக் கொடுத்த நாளிலிருந்து அவர்கள் மேலேயும் நான் கீழேயும்தான் இருந்திருக்கிறோம். நான் இறங்கி நிற்பதை அவர்கள் கவனித்ததாக எனக்கு ஒருநாளும் தெரியாது. அது அவர்களுக்கு உரியது, வாங்கிக்கொள்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அவர்கள் கவனித்திருக்கிறார்கள். கவனித்து, என்னை மேலே ஏற்றிவிடுவதற்காகத் தம் இடுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். என் மகளுக்குப் பொய் சொல்ல வராது.

சூப்பைக் குடித்துவிட்டு, அவள் போனிலேயே பேசினேன்.

"சம்மந்தி, இடுப்பு எப்பிடி இருக்கு?"

"இடுப்புக்கென்ன, நல்லாத்தான் இருக்கு. உங்க முட்டு?"

"முட்டுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு."

பிறகு அந்தப் பக்கம் "ஆ" என்று ஒரு முனகல். சிரித்ததில் இடுப்பு பிடித்திருக்கிறது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு சிரிப்பாகத்தான், யாரிடமும் சொல்லாத அந்த நிய்யத்தைச் சொன்னேன். தரையில் நெற்றி வைக்க வேண்டும், நோன்பின் முதல் நாளுக்குள் ஒரு தடவையாவது என்று. பாவம் என்று சொல்லிவிடுவார்களோ என்று காதைக் கூர்மையாக்கிக்கொண்டு காத்திருந்தேன்.

"இதை முதல்லயே சொன்னா என்ன?" என்று அதட்டினார்கள். "நான் ஒண்ணாம் நம்பர்லயே கெடந்திருப்பேனே! நீங்க முட்டு வலின்னு பொய் சொன்னிய. நான் சொகமா இருக்குன்னு பொய் சொன்னேன். ரெண்டு கெழவியளுக்கும் நல்லா வேணும்."

வீக்கம் வடிந்ததும் டாக்டரைப் பார்த்தேன். பெரிய சேதம் இல்லை, சதை பிசகியிருக்கிறது, முதலிலிருந்து தொடங்குங்கள் என்றார். அல்ஹம்துலில்லாஹ் என்று அங்கேயே சொன்னேன். இரண்டு பேரும் ஒரே நாளில் கூடத்துக்குப் போய் டீச்சரிடம் நடந்ததைச் சொன்னோம். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"பள்ளிக்கூடமா இருந்தா ரெண்டு பேரையும் கிரவுண்டைச் சுத்தி ஓட விட்டிருப்பேன். அது வெறும் கனம் மாமி. அதுல என்ன பெரியவ சின்னவ?"

"உங்களுக்குச் சம்மந்தி இல்லைல்லா டீச்சர், இருந்தா தெரியும்" என்றார்கள் என் சம்மந்தி.

"எனக்கும் இருக்காங்க. நாங்க சர்ச்சுல ஒரே பெஞ்சுலதான் உக்காருவோம்."

"அவுங்க பெஞ்சு ஓரத்துலயா, நடுவுலயா?" சம்மந்தி விடவில்லை.

டீச்சர் விசிலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு இரண்டு மெஷினிலும் மலைப் படத்தைப் போட்டார். இரண்டுக்கும் ஒரே உயரம். ஒன்றில் தொடங்கி, இரண்டு, மூன்று என்று நடுவில் நான்கு வரை போய், அதே மாதிரி இறங்கி ஒன்றுக்கே வந்துவிடும். இனி நாங்கள் இரண்டு பேரும் எந்தக் குறியையும் தொடக்கூடாது, தொட்டால் விசில் ஊதுவேன் என்றார்.

முதல்நாள் எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ரம்பப் பெண்கள் பக்கத்தில் பறந்துகொண்டிருக்க, நாங்கள் கணுக்கால் தண்ணீரில் நின்றோம். ஆனால் மலை தொடங்கியதும் அந்தக் கூச்சம் போய்விட்டது. இறுக்குவதும் இளக்குவதும் மெஷின் வேலை. நான் இறங்கி நிற்க வழியில்லை, அவர்கள் ஏறி நிற்க வழியில்லை. அவர்களுக்குக் கனக்கிற இடத்தில் எனக்கும் கனத்தது. அவர்களுக்கு இளகும்போது எனக்கும் இளகியது. நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில், சமமாக, எந்த யோசனையும் இல்லாமல் இருந்தது அதுதான் முதல்தடவை என்று நினைக்கிறேன். உச்சியில் பேச்சு நின்றுவிடும். இறங்குகிற பக்கத்தில் அவர்கள் வீட்டு மீன்காரன் கதை, எங்கள் தெருச் சண்டை, என் மகளின் சமையல் என்று எல்லாம் வரும். என் மகளுக்குப் புளி போடத் தெரியாது என்று அவர்கள் சொன்னபோது, ஆமாம், தெரியாது என்று ஒத்துக்கொண்டேன். முன்பு என்றால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்து வேதனைப்பட்டிருப்பேன்.

முழங்கால் திரும்பி வந்தது. அவசரப்படாமல் வந்தது. மலையின் உச்சியை டீச்சர் ஒரு எண் உயர்த்தினார், இரண்டு பேருக்கும் சேர்த்து. மிதித்து முடிந்ததும் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழச் சொல்வார். முதலில் பாதியில் பொத்தென்று உட்கார்ந்துவிடுவேன். பிறகு எழுந்தேன். அப்புறம் தரையில் மெத்தை விரித்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒரு முழங்காலை ஊன்றப் பழக்கினார். கீழே போவதைவிட எழுந்து வருவதுதான் மலை. அதற்கு எந்தப் படமும் மெஷினில் இல்லை.

நோன்பின் முதல் நாள். மதியம் லுஹர் தொழுகைக்கு எங்கள் தெருவில் பெண்கள் கூடும் வீட்டுக்குப் போனேன். சம்மந்தியும் பெரிய தெருவிலிருந்து வந்திருந்தார்கள். அவர்களுக்கு இடுப்பு இன்னும் சரியாகவில்லை, நாற்காலிதான். கடைசி வரிசையில் இரண்டு நாற்காலி போட்டிருந்தது. இரண்டு பேரும் ஒவ்வொன்றுக்கு முன்னால் நின்றோம். என் காலடியில் கோரைப்பாய் இருந்தது. இன்றைக்குச் செய்யப்போகிறேன் என்று நான் அவர்களிடம் சொல்லவில்லை. எனக்கே தெரியாது.

ஆலிமா தக்பீர் கட்டினார்கள். நின்றேன். ருக்கூவுக்குக் குனிந்தேன், நிமிர்ந்தேன். எல்லோரும் சஜ்தாவுக்கு இறங்கினார்கள். நாற்காலி பின்னால் தயாராக இருந்தது. நான் முன்னால் போனேன். ஒரு கை தொடையில், ஒரு முழங்கால் பாயில், பிறகு மற்றது, பிறகு இரண்டு உள்ளங்கையும். நெற்றி பாயில் பட்டது.

கோரைப் புல்லின் வாசனை வந்தது. நெற்றியில் பாயின் வரி குத்தியது. எத்தனையோ கேட்க வேண்டும் என்று மனதில் சேர்த்து வைத்திருந்தேன், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. யார் முதுகும் தெரியவில்லை. நானும் அந்த முதுகுகளில் ஒன்று. இரண்டாவது சஜ்தாவும் முடிந்து, எழுந்து நிற்கச் சொல்லும் தக்பீர் காதில் விழுந்தது. எல்லோரும் எழுகிற சத்தம் கேட்டது. எனக்கு எழ மனசு வரவில்லை. பிறகு உள்ளங்கையை ஊன்றி, ஒரு காலை முன்னால் வைத்து, டீச்சர் பழக்கியபடி, பைய எழுந்தேன். முழங்கால் என்னைக் கைவிடவில்லை. இரண்டாவது ரக்அத்திலும் இறங்கி எழுந்தேன். மிச்ச இரண்டு ரக்அத்தை நாற்காலியில் தொழுதேன். போதும் என்று கால் சொன்னது, அதன் பேச்சையும் கேட்க வேண்டும்.

சலாம் கொடுத்து முடித்ததும் சம்மந்தி என் பக்கம் திரும்பினார்கள். கண் கலங்கியிருந்தது.

"எறங்குன ஆளைக் காணோமேன்னு எனக்கு உசுரே இல்ல. அங்கனயே குடியிருந்திட்டிய?"

"எந்திரிக்க மனசு இல்ல சம்மந்தி."

"உங்க முட்டையே பாத்துக்கிட்டு இருந்தேன். என்ன ஓதுனேன், எத்தனை ரக்அத் தொழுதேன், ஒண்ணும் தெரியல. இது சேராது. நான் திரும்பத் தொழணும்."

"தொழுங்க. நானும் கூட நிக்கேன்."

"உங்களுக்குத்தான் முடிஞ்சிட்டே?"

"உபரியா ரெண்டு ரக்அத் தொழுதுக்கிடுதேன். நன்றின்னு அல்லாவுக்கு ஷுக்ரு செய்ய எனக்கு நெறைய இருக்கு."

பெண்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். வீடு அமைதியானது. அவர்கள் நாற்காலிக்கு முன்னால் நின்று கை கட்டினார்கள். ஓய்ந்திருந்த கால் இன்னும் இரண்டு ரக்அத்துக்குச் சம்மதித்தது; நான் என் நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவைத்துவிட்டு வந்து, அவர்கள் பக்கத்தில் பாயில் நின்று கை கட்டினேன்.